பெடலை மிதித்தால் வரும் பூச்சி

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ப்ளவுஸ் கட்டிங், கழுத்து டிசைன், லைனிங் வைப்பது என்றுதான் எழுதுவேன். இன்று பூனை. போன வாரம் ரவிக்கைத் துணி கொடுக்க வந்த ஒரு அக்கா, வீட்டுப் பூனைக்குட்டிக்கு வாங்கியதாகச் சொல்லி பையிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். "உண்ணி மருந்து, கழுத்துல ரெண்டு சொட்டு விட்டா போதுமாம்." பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே டப்பா. அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அப்போது சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் வீடு திருச்சி உறையூரில். முன் அறைதான் தையல் அறை. மோட்டார் மாட்டாத பழைய கால் மிஷின், கட்டிங் டேபிள், அதன் கீழே வெட்டுத்துணி மூட்டைகள். தைக்கிறவர்கள் வீட்டில் இது சேராமல் இருக்காது. அப்படி ஒரு மூட்டைக்குள்தான் போன வருடம் புரட்டாசியில் எங்கள் பூனை பஞ்சு குட்டி போட்டாள். மூன்று குட்டிகள். ஒன்று வரி வரியாக, ஒன்று தாய் மாதிரியே வெள்ளை, மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு சின்னது. வெள்ளைக் குட்டிக்கு ஒரு மாதத்தில் வயிறு பானை போல உருண்டுவிட்டது. கால்கள் குச்சி, வயிறு மட்டும் பந்து. அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள். "தொந்தி" என்று பெயர் வைத்தோம். பால் நன்றாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அது பால் இல்லை, புழு. ஒரு குழந்தையின் நோயைப் பார்த்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம் என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

இவர்கள் தவிர கருப்பன். மூன்று வயது ஆண் பூனை. ராத்திரி எல்லாம் தெருவில் சுற்றிவிட்டு விடியும்போது வந்து மிஷின் மேல் படுத்துக்கொள்வான்.

ஐப்பசி பிறந்ததும் தீபாவளித் துணி குவிய ஆரம்பித்தது. மழை வேறு. ராத்திரி ஒரு மணி வரை மிஷின் ஓடும். அந்த நாட்களில்தான் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி. கொசு என்று நினைத்துச் சுருள் ஏற்றி வைத்தேன். அடங்கவில்லை. கொசு கண்ட இடத்தில் கடிக்கும். இது முழங்காலுக்குக் கீழே மட்டும், மூன்று மூன்றாக, கையால் ஹெம்மிங் போட்டது போல வரிசையாகத் தடித்தது. இன்னொன்றும் கவனித்தேன். சமையலறையில் நின்றால் கடி இல்லை. கட்டிலில் படுத்தால் இல்லை. மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதிக்க ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மிஷினுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது சின்னக் குட்டி பால் குடிக்கவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. மடியில் போட்டுக்கொண்டே தைத்தேன். மதியம் போய்விட்டது. சுற்றிப் புதைக்கலாம் என்று ஒரு வெள்ளை லைனிங் துணியை விரித்துப் படுக்க வைத்தேன். சற்று நேரத்தில் அதன் உடம்பிலிருந்து பழுப்பு நிறத்தில் பொடிப் பூச்சிகள் துணியில் இறங்கின. இரண்டு அடி ஊரும், அப்புறம் எகிறும். நான் பார்த்தபோதே இருபது முப்பது இருக்கும். உடம்பு சூடு போனதும் அவை வேறு உடம்பு தேடிக் கிளம்புகின்றன. அவ்வளவு பூச்சி அந்தச் சின்ன உடம்பில் இருந்திருக்கிறது. ஒரு மாதம் நான் அதைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் அம்மாச்சி இதைத் தெள்ளு என்பார். தெள்ளுப்பூச்சி. இப்போது யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை; நாய் பூனை உடம்பில் எது இருந்தாலும் உண்ணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உண்ணி, பேன், தெள்ளு மூன்றும் மூன்று. உண்ணி எட்டுக் கால் உள்ளது, ஒரே இடத்தில் கடித்துத் தொங்கி மிளகு போல உப்பும். பேன் முடியைப் பிடித்துக்கொண்டு ஊரும். தெள்ளு பக்கவாட்டில் நசுக்கியது போல ஒல்லியாக இருக்கும், முடிகளுக்கு நடுவே ஓடும், தாவும். சுமார் 20 செ.மீ. உயரம் வரை எகிறும் என்கிறார்கள், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். முழங்காலுக்குக் கீழே மட்டும் எனக்குக் கடி விழுந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று சாயங்காலமே ஆத்திரமும் அழுகையுமாக ஒரு கடைக்குப் போனேன். "பூனைக்கு இருக்குதா?" என்று கேட்டேன். "நாய், பூனை எல்லாத்துக்கும் இதுதாம்மா" என்று எடுத்துக் கொடுத்தார்கள். டப்பாவில் நாய் படம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தும் வாங்கினேன். குட்டிகளுக்கு விடப் பயமாக இருந்தது. பஞ்சு பால் கொடுக்கிறாள், அவளுக்கும் வேண்டாம் என்று கருப்பன் கழுத்தில் விட்டேன்.

நான்கு மணி நேரம் கழித்து அவன் காது துடிக்க ஆரம்பித்தது. முதலில் ஈ உட்கார்ந்ததோ என்று பார்த்தேன். அப்புறம் முகத் தோல் துடித்தது, முதுகு துடித்தது, நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கியது. ஒயர் கூடையில் போட்டு மேலே துண்டை மூடி ஆட்டோ பிடித்தோம். நல்ல வேளை, வீட்டுக்காரர் அந்த டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். கருப்பனைப் பார்த்ததுமே "கழுத்துல ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா அம்மா?" என்று கேட்டார். டப்பாவை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு சொல்லைக் காட்டினார். பெர்மெத்ரின்.

நாய்க்கு அது மருந்து. பூனைக்கு விஷம். பூனையின் கல்லீரலுக்கு அதை உடைத்து வெளியே தள்ளும் சக்தி போதாது. உடம்பில் தங்கி நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். அந்த மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே சில பூனைகளுக்கு ஆகிவிடுமாம். டாக்டரம்மா முதலில் ஊசி போட்டு நடுக்கத்தை அடக்கினார். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுத்தையும் முதுகையும் இரண்டு முறை கழுவினார். கொதிக்கிற தண்ணீரும் கூடாது, குளிர்ந்த தண்ணீரும் கூடாது என்றார். அந்த ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தோம். மூன்றாம் நாள் கருப்பன் ஒரு துண்டு மீன் தின்றான். அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

நீங்கள் இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பெர்மெத்ரின். டப்பாவில் அது இருந்தால் பூனைக்கு வேண்டாம். பூனை என்று தனியாக எழுதியிருக்க வேண்டும், பூனையின் எடைக்கு அளவு போட்டிருக்க வேண்டும். பெரிய நாய் மருந்தில் பாதியை விடுவது என்ற கணக்கே கூடாது.

மறுநாள் பஞ்சுவையும் இரண்டு குட்டிகளையும் கொண்டுபோனேன். டாக்டரம்மா முதலில் குட்டிகளின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். நம் நகத்தடி போல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, வரிக்குட்டிக்கு வெளுத்த துணி மாதிரி இருந்தது. ரத்தம் போயிருக்கிறது. ஒரு தெள்ளு குடிப்பது ஒரு துளியில் எத்தனையோ ஒரு பங்குதான், ஆனால் அரைக் கிலோ கூட இல்லாத குட்டி மேல் நூறு இருந்தால் அது சாவதற்குப் போதும் என்றார். சின்னக் குட்டியைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று செய்து காட்டினார். அதிலிருந்து நான் வாரா வாரம் செய்கிறேன். பஞ்சுவின் வால் அடியில் பல் நெருக்கமான சீப்பால் வாரினார். தேயிலைத் தூள் மாதிரி கறுப்புப் பொடி விழுந்தது. நான் அழுக்கு என்றேன். அதை ஈரப் பஞ்சில் தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாகக் கறை பரவியது. நமக்குத்தான் தெரியுமே, மட்டமான சிவப்புத் துணியை நனைத்தால் சாயம் போகுமே, அதே மாதிரி. சாதாரண அழுக்கு என்றால் சாயம் போகாது. இது ரத்தம். தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் காய்ந்து பொடியாக நிற்கிறது. பூச்சி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பொடி சாயம் போனால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

"வீட்டுல எங்க உக்காந்தா உங்களுக்குக் கடிக்குது?" என்று கேட்டார். பெடல் கதையைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

பூனை மேல் இருக்கிற பூச்சி மொத்தத்தில் சுமார் 5% தானாம். மீதி 95% முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நம் வீட்டுத் தரையில் கிடக்கிறது. பெண் தெள்ளு பூனை மேல் உட்கார்ந்து ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை போடும். முட்டை பொடி உப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும், முடியில் ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உதிரும். அதிலிருந்து வரும் நூல் மாதிரியான வெள்ளைப் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டுக்குள் போகும். அதன் சாப்பாடு அந்தக் கறுப்புப் பொடி, பெரிய பூச்சி கழித்த ரத்தம். அப்புறம் பிசுபிசுப்பான கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் மேல் தூசியும் நூலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கூட்டுக்குள் மருந்தும் அவ்வளவாகப் போகாது. சாப்பாடு பக்கத்தில் வந்திருக்கிறது என்று தெரிகிற வரை உள்ளேயே காத்திருக்கும். மாதக்கணக்கில் கூட இருக்கும். எப்படித் தெரியும்? தரை அதிர்ந்தால் தெரியும். சூடு பட்டால் தெரியும். நாம் விடும் மூச்சு பட்டால் தெரியும்.

என் பெடல் தரையை அதிர வைக்கிறது. என் கால் சூடு. மூட்டை மூட்டையாக இருட்டு. மழைக்காலத்து ஈரம். தீபாவளி நேரத்தில் கூட்டக்கூட நேரமில்லாத தரை. அத்தனை வசதியையும் நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் அறையைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் தைக்காமல் இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். பூட்டினால் கூட்டுக்குள் இருப்பவை காத்திருந்து, திறக்கிற அன்று மொத்தமாக வரும். தினமும் மிதியுங்கள், வெளியே வரட்டும். வருகிற பூச்சி மருந்து விட்ட பூனை மேல் ஏறினால் முட்டை போடுவதற்குள் செத்துவிடும். அதனால் தினமும் காலையில் நூல் கோக்காமல், துணி வைக்காமல், பத்து நிமிடம் வெறும் மிஷினை ஓட்டினேன்.

பஞ்சுவுக்கும் தேறிய பிறகு கருப்பனுக்கும் செலமெக்டின் என்ற சொட்டு மருந்து, மாதம் ஒரு முறை, பின்கழுத்தில் முடியை விலக்கித் தோலில். நாக்கு எட்டாத இடம் என்பதால் அங்கே. ஒரு தடவைக்கு ஆகும் செலவு இரண்டு லைனிங் ப்ளவுஸ் கூலி. குட்டிகளுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. ஃபிப்ரோனில் ஸ்பிரேயைக் கையுறை போட்டு எடைக்குத் தகுந்த அளவு அவரே தடவிவிட்டார். மற்றபடி சீப்புதான். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு வாரி வாரிச் சீப்பை அதில் முக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பூச்சி மேலே மிதந்து தப்பிவிடும். சோப்பு இருந்தால் மூழ்கும். விரலால் நசுக்கப் பார்க்காதீர்கள், தெள்ளின் ஓடு அவ்வளவு கெட்டி.

தரைக்கு: மூட்டை எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி அன்றே அப்புறப்படுத்தினேன். பாய், தலையணை உறை, பூனை படுக்கிற பழைய போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டேன். முட்டைக்கும் புழுவுக்கும் ஈரம் இல்லாமல் உயிர் நிற்காது. திருச்சி வெயிலை வாழ்நாளில் முதல் தடவையாக வாழ்த்தினேன். கார்த்திகை மழையில் அந்த வெயிலும் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வந்தது என்பது வேறு விஷயம்.

எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொன்னார். ராத்திரி ஒரு அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, மேலே தாழ்வாக ஒரு விளக்கு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் எகிறி வந்து தட்டில் விழும். பெரிய பூச்சி வெளிச்சத்தை நோக்கி வரும், அதன் குழந்தைதான் இருட்டுக்குப் போகும். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணிக்கை எழுதி வைத்தேன். முதல் ராத்திரி 31. ஒரு வாரத்தில் 40 ஆக ஏறியது, மிதித்து மிதித்துக் கூட்டைத் திறந்ததால். ஏறுகிறதே என்று பயந்து போன் செய்தேன். ஏறித்தான் இறங்கும் என்றார். மூன்றாம் வாரம் 12. ஐந்தாம் வாரம் 2.

இனி வயிற்றுப் புழு.

தொந்திக்குப் பைரன்டெல் என்ற புழு மருந்து, எடை போட்டு, சிரிஞ்சில் சில சொட்டுகள். மறுநாள் மரத்தூள் தட்டில் இருந்தான். அவன் கழித்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் இரண்டு நாள் சேமியா சமைக்கவில்லை. வேகவைத்த சேமியா போலவே, வெள்ளையாக, சுருண்டு, விரல் நீளம் இருந்தது. ஏழெட்டு எண்ணினேன். இது உருளைப்புழு. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. அதாவது தெருவுக்கே போகாத, தரையில் இறங்காத குட்டிக்கும் வரும். அதனால்தான் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து கொடுக்க வேண்டும், எட்டு வாரம் வரை. அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். நாம் குட்டி ஓடியாடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடுகிறோம். பஞ்சுவின் கழிவை டாக்டரம்மா நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக ஒரு முட்டை, ஓடு முழுக்க, ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவோமே அந்தக் கவசத்தில் இருப்பது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள். கருப்பனுக்குக் கொக்கிப்புழு முட்டையும் இருந்தது. அது குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிப்பது. மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலிலும் நுழைந்து கோடு கோடாக அரிக்கும்.

தொந்தியின் வயிறு பத்து நாளில் வடிந்தது. பெயரை மாற்றலாம் என்று மகள் சொன்னாள். அதற்குள் அவன் அந்தப் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, கார்த்திகை கடைசியில் ஒரு நாள். பஞ்சு ஒரு மெரூன் ப்ளவுஸ் துணி மேல் படுத்து எழுந்து போனாள். துணியில் இட்லி அரிசி ஒன்று ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை கொண்டுபோனேன். அரிசி நீண்டது. மெலிந்து நீண்டு, அப்புறம் சுருங்கிக் கட்டையாகி, மறுபடி நீண்டது. நகர்கிறது. நான் கையை இழுத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டே இருக்க அது மெல்லக் காய்ந்து எள்ளு மாதிரி ஆகிவிட்டது. பஞ்சுவைத் தூக்கி வாலடியைப் பார்த்தால் அங்கே முடியில் இன்னும் இரண்டு.

நாடாப்புழு. முழுப் புழு உள்ளே இருக்கிறது, அதன் துண்டுகள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று முட்டையோடு வெளியே வருகின்றன. புழு மருந்துதான் கொடுத்தோமே என்று சண்டை போடுகிற மாதிரிதான் போன் செய்தேன். பைரன்டெல் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான். செலமெக்டினும் நாடாப்புழுவைத் தொடாது. இதற்குப் ப்ராஸிக்வான்டெல் தனியாக வேண்டும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துக் கொடுத்தது. இந்த நாடாப்புழு தெள்ளுப்பூச்சிக்குள் இருந்து வருவது.

தரையில் உதிர்ந்த அந்த அரிசித் துண்டின் முட்டைகளைத் தெள்ளின் குஞ்சுப்புழு தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகும்போது உள்ளே நாடாப்புழுவின் குஞ்சும் வளர்கிறது. பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது, அரிக்கிற இடத்தில் கடிக்கும்போது, பூச்சியை விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் நாடாப்புழு. பூனையின் சுத்தமே அதற்கு வினையாகிறது. வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தில் இந்தத் தெள்ளுக்குப் பூனை பெயர், ஆனால் நாயின் மேலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. நாடாப்புழுவுக்கு டிப்பிலிடியம் கனினம் என்று நாய் பெயர், ஆனால் என் பூனை வயிற்றில் கிடந்தது.

மாத்திரை கொடுத்தேன். அரிசி நின்றது. தை பிறந்ததும் மறுபடி வந்தது. மருந்தில் குறை இல்லை. பொங்கல் அவசரத்தில் மார்கழி மாதச் சொட்டு மருந்தை நான் தள்ளிப் போட்டேன். தட்டில் 2 தானே விழுகிறது என்று நினைத்தேன். அந்த இரண்டு போதும். புழுவுக்கு மருந்து கொடுத்துப் பூச்சியை விட்டால் மூன்று வாரத்தில் பழைய கதை. பூச்சிக்கு மருந்து விட்டுத் தரையை விட்டாலும் அதே. பூனை, தரை, வயிறு மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும், மூன்று மாதமாவது விடாமல். வீட்டில் நான்கு பூனை இருந்தால் நான்குக்கும். சொறிகிற ஒன்றுக்கு மட்டும் விட்டால் பணம்தான் வீண். எலி பிடிக்கிற பூனைக்கு எலி மூலம் வேறு ஒரு நாடாப்புழுவும் வரும், அதனால் கருப்பனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் மாத்திரை.

இடையில் கிடைத்த கை வைத்தியங்களுக்குக் கணக்கில்லை. வேப்பெண்ணெய் பூசு, கற்பூரம் கரைத்து விடு, டெட்டாலில் குளிப்பாட்டு, பினாயில் போட்டுத் துடை, அந்து உருண்டையை மூட்டையில் போடு. அன்போடு சொன்னவர்கள்தான் எல்லாரும். ஆனால் பூனை உடம்பில் பட்ட எதுவும் அரை மணியில் நாக்கு வழியே வயிற்றுக்குப் போகும். கற்பூரமும் டெட்டாலும் பினாயிலும் அந்து உருண்டையும் பூனைக்கு ஆகவே ஆகாது. கருப்பனைக் கூடையில் போட்டுக்கொண்டு போன ராத்திரிக்குப் பிறகு எனக்குப் பரிசோதனை செய்து பார்க்கும் தைரியம் இல்லை.

வளைகாப்பு ப்ளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், ஆறு மாதம், வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் பூனை இருக்கும் வீட்டுக்குள் போகாதே என்றாராம். அந்தப் பயத்தில் ஒரு உண்மை உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனைக் கழிவில் வரும், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் கழிவில் வந்த உடனே அது தொற்றாது, ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆக வேண்டும். தினமும் கழிவை அள்ளிவிட்டால், அதை வீட்டில் வேறு ஒருவர் செய்தால், பூனையைத் துரத்த வேண்டியதில்லை. சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, மண்ணைக் கிளறிய கை, இவற்றைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள் என்று அனுப்பினேன். அளவை வாசலில் வைத்தே எடுத்தேன்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பேத்திக்கு இரண்டரை வயது. கோடையில் வந்தால் தரையில்தான் இருப்பாள், கையில் கிடைத்தது வாயில். தெள்ளுப்பூச்சியைத் தவறி விழுங்கினால் குழந்தைக்கும் அந்த நாடாப்புழு வரலாம். உருளைப்புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து தொற்றும் பக்குவத்துக்கு வரும், அது மனித உடம்புக்குள் போனால் கண் வரைக்கும் கூடப் போகிறது. அதனால் துளசி மாடத்தைச் சுற்றி இருந்த மணலை அள்ளிவிட்டுக் கல் பாவினோம். பூனைகளுக்கு மரத்தூள் தட்டு, காலையும் மாலையும் அள்ளுவது வீட்டுக்காரர் வேலை. முகம் சுளிக்காமல் செய்கிறார். பேத்தி ஒன்றரை மாதம் இருந்துவிட்டு ஒரு கடியும் இல்லாமல் ஊருக்குப் போனாள். நோட்டில் அந்த மாதம் முழுக்க பூஜ்யம்.

இப்போது மறுபடியும் புரட்டாசி. பஞ்சுவுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட்டோம், வரிக்குட்டியைத் தில்லைநகரில் ஒரு டீச்சர் வளர்க்கிறார். தொந்தி நான்கு கிலோ. கட்டிங் டேபிளுக்குக் கீழே மூட்டை இல்லை, மூடி போட்ட டிரம் ஒன்று இருக்கிறது. தீபாவளித் துணிகள் வர ஆரம்பித்துவிட்டன.

இதை எழுத உட்காரும் முன் தொந்தியை வாரினேன். சீப்பில் மூன்று கறுப்புப் புள்ளி. வெள்ளை லைனிங் துணித் துண்டை நனைத்து அதில் தட்டி ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். இப்போது போய்ப் பார்த்தேன். இரண்டு அப்படியே கறுப்பாக இருக்கின்றன, மிஷின் எண்ணெய் அழுக்காக இருக்கும். மூன்றாவது சாயம் போயிருக்கிறது. தட்டையும் விளக்கையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன்.